சபர் புறப்படுமுன்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நாம் கடைக் கதவை மறுபடியும் திறந்துகொண்டிருந்தோம். அப்போது பண்டமாரானிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பிள்ளை வந்து கல்லாவுக்கு அருகில் நின்றான். அவன் தகப்பனார் நமக்குப் பதினைந்து வருஷத்து வாடிக்கைக்காரர். பையன் மின்சார வேலை கற்றவன். வயர்மேன் சான்றிதழ் எடுத்து, துறைமுகப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை, நாணயமான பிள்ளை.

"பாய், நான் ஆஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போகிறேன். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி பிளைட்டு" என்றான்.

"சந்தோஷம் தம்பி. என்ன விஸா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் ஏஜெண்டு பார்த்துக்கொண்டார். ஒரே நாளில் கைப்பேசியிலேயே வந்துவிட்டது" என்று சொல்லித் திரையை நம்மிடம் நீட்டினான்.

நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததோடு சரி. ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்போம். ஆனால் முப்பது வருஷமாகச் சரக்குப் பட்டியலும் லைசென்ஸும் பார்த்த கண்ணுக்கு, எந்தக் காகிதத்திலும் எந்த வரியை முதலில் பார்க்கவேண்டும் என்பது தெரியும். அந்தத் திரையில் 'விசிட்டர்' என்ற சொல் இருந்தது. மூன்று மாதம் என்று இருந்தது. வேலை செய்யக் கூடாது என்றும் இருந்தது. பையன் அந்த வரியை வாசித்தானா என்று கேட்டோம். வாசித்தானாம். "அங்கே போனபிறகு பெர்மிட்டாக மாற்றிக் கொடுப்பார்கள் என்று ஏஜெண்டு சொன்னார்" என்றான். மொத்தம் 8,000 வெள்ளி பேச்சு. 3,000 வெள்ளி கொடுத்தாயிற்று. அதில் 600 வெள்ளி 'விஸாச் செலவு'.

அந்த விஸாவுக்கு ஆஸ்திரேலிய சர்க்கார் வாங்கும் கட்டணம் அவர்கள் நாட்டுக் காசில் 20 டாலர்தான்.

இந்தப் பிள்ளையைப்போல் இன்னும் சிலர் நம் வட்டாரத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஆகையால் இம்மாதப் பாடமாக, வெளிநாட்டில் தொழில் செய்வதற்குரிய அனுமதிச் சீட்டு என்றால் என்ன, அதை யார் கொடுக்கிறார், யார் பெயரில் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பதைச் சகோதரர்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று கருதினோம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நம் நாட்டில் விஸா வேறு, பாஸ் வேறு. விஸா என்பது எல்லைவரை வந்து கதவைத் தட்டுவதற்குரிய சீட்டு. உள்ளே வந்தபின் இத்தனை நாள் தங்கலாம், இன்ன காரியம் செய்யலாம் என்று குடிநுழைவு இலாகா கொடுப்பது பாஸ். உல்லாசப் பயணிக்கு ஒரு பாஸ், மாணவனுக்கு ஒரு பாஸ், தொழில் செய்கிறவனுக்கு ஒரு பாஸ். நாம் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'பெர்மிட்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஆஸ்திரேலியாவிலோ விஸா, பாஸ் என்ற இரண்டு இல்லை. விஸா ஒன்றே இரண்டுக்கும் உரியது. ஆகையால் அந்த விஸாவில் எழுதியிருக்கும் நிபந்தனைதான் முழு அதிகாரம். கடைக்குள் யாரும் வரலாம், சாமானைத் தொட்டுப் பார்க்கலாம், விலை கேட்கலாம். வந்தவர் கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்கிப் போட்டால் நாம் சும்மா இருப்போமா? விசிட்டர் விஸாவில் வேலை செய்வது அப்படிப்பட்டது.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. சபர் என்ற சொல்லும் சபராளி என்ற சொல்லும் நம்மவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறவை. நம் பாட்டனார் ராமநாதபுரம் சீமையிலிருந்து நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பல் ஏறி, பினாங்கு வழியாக இதோ பக்கத்திலிருக்கும் துறைமுகத்தில் இறங்கியவர். அப்போது அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். போர்ட் கிள்ளான் ஆனது 1972 இல். கூலி வேலைக்கு ஆள் வருவதை இந்திய சர்க்கார் 1938 இலேயே தடுத்துவிட்டது. ஆனால் வியாபாரியும் கடைப்பிள்ளையும் அதன்பிறகும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சீட்டு என்றால் அவர்களுக்குக் கப்பல் சீட்டுதான்.

1953 ஆகஸ்டு முதல் தேதி அந்தக் காலம் முடிந்தது. 1952 இல் இயற்றிய குடிநுழைவுச் சட்டம் அன்றுதான் அமலுக்கு வந்தது. அதன்படி புதிதாக வருகிறவன் நாட்டுக்குத் தேவையான தொழில் தெரிந்தவனாக இருக்கவேண்டும், கையில் வேலை ஒப்பந்தம் இருக்கவேண்டும், சம்பளம் குறிப்பிட்ட தொகைக்குக் குறையக் கூடாது. இந்த மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். எழுபது வருஷம் கழித்து இன்று ஆஸ்திரேலியாவும் சிங்கப்பூரும் நம் நாடும் கேட்பவை ஏறக்குறைய இதே மூன்றுதான்.

1959 இல் பிடி இன்னும் இறுகிற்று. கணவனைப் பிரிந்து தொடர்ந்து ஐந்து வருஷம் வெளிநாட்டிலேயே இருந்துவிட்ட மனைவிக்கும், ஆறு வயது கடந்த பிள்ளைகளுக்கும் வாசல் அடைபட்டது. மனைவி மக்களை ஊரில் விட்டு, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை போய் வந்துகொண்டிருந்த சபராளிக்கு இது என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எத்தனையோ குடும்பங்கள் அந்த ஒரு வரியால் கடலுக்கு இரு கரையிலும் நின்றுபோயின.

பிறகு வந்தது 1968 ஆம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை இல்லாதவன் எவனும் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கென்று பெர்மிட் எடுக்கவேண்டும் என்று அது விதித்தது. நீல அடையாளக் கார்டு உள்ளவர்களுக்குக் கவலை இல்லை. சிவப்புக் கார்டுக்காரர்கள்பாடு திண்டாட்டமாயிற்று. நாற்பது வருஷம் இந்த மண்ணில் உழைத்தவர்களும், இங்கேயே பிறந்தவர்களும்கூட, "உன் பெர்மிட் எங்கே?" என்ற கேள்விக்குப் பதிலில்லாமல் நின்றார்கள். 1969, 1970 ஆகிய வருஷங்களில் பல்லாயிரம் இந்தியர் தாயகம் திரும்பினார்கள். நம் பாட்டனாரின் தம்பி அவர்களில் ஒருவர். குடியுரிமைக்கு மனுப் போடக் கூடிய காலத்தில், "எப்படியும் ஊருக்குப் போகப் போகிறோம், எதற்கு?" என்று போடாமல் விட்டவர். அதே ரஜூலாவில்தான் திரும்பினார். 1926 இல் கட்டிய அந்தக் கப்பலும் 1973 இல் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது. அவர் விட்டுப்போன தகரப் பெட்டி இன்றும் நம் கடைப் பரணில் இருக்கிறது. அதனுள்ளே அந்தச் சிவப்புக் கார்டின் நகலும் நாலு மனுக் காகிதமும் கிடக்கின்றன. ஒரு காகிதத்தின் கனம் எவ்வளவு என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அந்தப் பெட்டிதான் சொல்லிக் கொடுத்தது.

சரி, ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அந்த நாடு 1901 இல் ஒரு சட்டம் போட்டு, வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்து வைத்திருந்தது. துறைமுகத்தில் இறங்குகிறவனுக்கு ஐரோப்பிய மொழி ஒன்றில் சொல்வதெழுதுதல் பரீட்சை வைப்பார்கள். தெரிந்த மொழியில் வைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேண்டாதவனைத் தோற்கடிக்க அதுவே போதும். 1958 ஆம் வருஷத்துச் சட்டம் அந்தப் பரீட்சையை ஒழித்தது. நிறம் பார்க்கும் கொள்கை 1973 இல் முற்றாகக் கைவிடப்பட்டது. அதன்பிறகு அங்கே பார்ப்பதெல்லாம் தொழில், வயது, மொழி, அனுபவம்.

தொழில் தெரிந்தவனுக்கு அங்கே இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று, முதலாளி கூப்பிட்டுப் போவது. 1996 இல் 457 என்ற எண்ணில் தொடங்கிய விஸா அது. 2018 மார்ச்சில் அதை எடுத்துவிட்டு 482 என்பதைக் கொண்டுவந்தார்கள். 2024 டிசம்பர் 7 முதல் அதே எண்ணில் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' என்ற புதிய பெயரில் நடக்கிறது. இன்னமும் 457 வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பழைய நோட்டைப் பார்த்துப் படிக்கிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

இந்த வழியில் மூன்று கதவுகளை வரிசையாகத் தாண்டவேண்டும். முதலாளி, ஆள் கொண்டுவரும் தகுதி உடையவர் என்று சர்க்காரிடம் அங்கீகாரம் பெறவேண்டும். அடுத்து, இன்ன வேலைக்கு இன்ன ஆள் வேண்டும் என்று பெயர் குறிக்கவேண்டும். அதற்குமுன் உள்ளூரில் ஆள் தேடி விளம்பரம் செய்திருக்கவேண்டும். மூன்றாவதாகத்தான் தொழிலாளியின் விஸா மனு. வேலை, சர்க்கார் வெளியிட்ட பட்டியலில் இருக்கவேண்டும். 2024 டிசம்பரில் வெளியான முக்கியப் பட்டியலில் 456 தொழில்கள் இருந்தன. அந்தத் தொழிலில் ஒரு வருஷமாவது முழுநேர அனுபவம் வேண்டும். சம்பளத்துக்குக் கீழ்வரம்பு உண்டு. திட்டம் தொடங்கியபோது அது வருஷத்துக்கு 73,150 டாலர். ஒவ்வொரு ஜூலையிலும் இந்தத் தொகை ஏறும். ஆகையால் போன வருஷத்துக் காகிதத்தைப் பார்த்துக் கணக்குப் போடக் கூடாது. உள்ளூர்க்காரனுக்கு அதே வேலைக்கு இதைவிட அதிகம் கொடுப்பதாக இருந்தால், வெளியூரானுக்கும் அதையே கொடுக்கவேண்டும். விஸா நாலு வருஷம்வரை கிடைக்கும். இரண்டு வருஷம் வேலை செய்தபின் முதலாளி முன்மொழிந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கும் வழி இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், இந்த விஸா முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவரை விட்டு இன்னொருவரிடம் போகவேண்டுமானால், புதியவர் மறுபடியும் பெயர் குறித்து அங்கீகாரம் வாங்கவேண்டும். முன்பெல்லாம் வேலை போனால் 60 நாளில் இன்னொரு முதலாளியைத் தேடவேண்டும், இல்லையேல் மூட்டை கட்டவேண்டும். அதனால் பலர் எத்தனை கொடுமையானாலும் வாயை மூடிக்கொண்டு கிடந்தார்கள். 2024 ஜூலை முதல் ஒரு தடவைக்கு 180 நாள், விஸாக் காலம் முழுவதிலும் சேர்த்து 365 நாள் என்று அவகாசத்தைக் கூட்டியிருக்கிறார்கள். நல்ல காரியம். சபராளியின் கழுத்துக் கயிறு கொஞ்சம் தளர்ந்தது.

மற்றொரு வழி, முதலாளி இல்லாமல் சொந்தத் தகுதியில் போவது. இதற்குப் புள்ளிக் கணக்கு. வயது, ஆங்கிலம், படிப்பு, அனுபவம் ஒவ்வொன்றுக்கும் புள்ளி. 65 புள்ளி இருந்தால்தான் பெயரே பதியலாம். அழைப்பு வருவதற்குப் பெரும்பாலும் அதைவிட மேலே நிற்கவேண்டியிருக்கிறது. 25 வயதிலிருந்து 32 வரை உள்ளவனுக்கு வயதுக்கே 30 புள்ளி. 45 ஆகிவிட்டால் கதவு சாத்தியது. ஒரு மாநிலம் முன்மொழிந்தால் 5 புள்ளி, பெருநகரங்களுக்கு வெளியே உள்ள வட்டாரத்துக்குப் போக ஒப்பினால் 15 புள்ளி கூடுகிறது. நம்மைப் போன்ற நாற்பதுகாரர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு ருசிக்காது. இளைஞர்களுக்கு ருசிக்கும்.

இந்தப் புள்ளிக் கணக்கு வழியில் கட்டாயமாகவும், முதலாளி கூப்பிடும் வழியில் பல கைத்தொழில்களுக்கும், முதல் படி தொழில் மதிப்பீடு. இங்கே வாங்கிய சான்றிதழை அங்கே யாராவது சோதித்து, சரி என்று சொல்லவேண்டும். என்ஜினீயருக்கு என்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா, கணினிக்காரருக்கு ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம், மின்சார வேலை, பற்றுவைப்பு போன்ற கைத்தொழிலுக்கு டிரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா என்ற இலாகா. 2009 முதல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பாக இருப்பதால், அங்கீகாரம் பெற்ற நம் என்ஜினீயரிங் பட்டங்களுக்கு அங்கே மரியாதை உண்டு. நர்ஸுகள் அங்குள்ள பதிவு அலுவலகத்தில் பெயர் பதியாமல் ஊசி முனையைத் தொட முடியாது. மின்சாரக்காரர் விஷயம் இன்னும் நுணுக்கம். மதிப்பீடு தேறினாலும் அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ் வாங்கும்வரை தனியே ஒரு கம்பியையும் இணைக்கக் கூடாது. அங்குள்ள விதிகளில் இடைப் பயிற்சி முடித்தபிறகுதான் முழு லைசென்ஸ். நம் எரிசக்தி ஆணையம் கொடுத்த வயர்மேன் சான்றிதழ் இங்கே தங்கம். அங்கே அது அனுபவத்துக்கு அத்தாட்சி, அவ்வளவே. இதை ஏஜெண்டு நம் பிள்ளையிடம் சொல்லவேயில்லை.

பின் அவர் எந்த வேலைக்கு அனுப்ப இருந்தார்? கிளறிக் கேட்டபோது, "முதலில் ஒரு பழத்தோட்டத்தில் மூன்று மாதம், அப்புறம் மின்சார வேலை" என்று வந்தது. நமக்குப் புரிந்துவிட்டது. மில்டூரா, ஷெப்பர்டன் பக்கத்துத் தோட்டங்களில் விசிட்டர் விஸாவில் போன மலேசியர்கள் பழம் பறித்த கதை பல வருஷமாக நடந்ததுதான். மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் கைப்பேசியில் சுலபமாக விஸா கிடைப்பதால்தான் அந்தத் தந்திரம் பலித்தது. மூன்று மாதம் முடியும் தறுவாயில், "நாட்டில் எனக்கு உயிருக்கு ஆபத்து, அடைக்கலம் வேண்டும்" என்று ஒரு மனு எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். மனு விசாரணையில் இருக்கும்வரை தங்கலாம் என்பது அதன் சூட்சுமம். 2015 க்குப் பின் சில வருஷங்கள், அப்படி அடைக்கலம் கேட்டவர்களில் மற்ற எந்த நாட்டாரையும்விட மலேசியரே அதிகம். கிடைத்தவர் மிகமிகச் சொற்பம். உண்மையில் உயிருக்கு அஞ்சி ஓடி வந்தவன் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டான் என்பதையும் நினைக்கவேண்டும். பொய் மனு எழுதிய பிள்ளையின் பெயர் அந்த சர்க்காரின் பதிவில் நிலைத்துவிடுகிறது. பின்னால் நியாயமான வழியில் போகக் கேட்டாலும் அந்தக் காகிதம் முன்னால் வந்து நிற்கும்.

விஸாக் காலம் முடிந்து 28 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறியவன், அடுத்த மூன்று வருஷத்துக்குத் தற்காலிக விஸா எதுவும் சாதாரணமாகப் பெற முடியாது. முப்பது வயதில் மூன்று வருஷம் என்பது சின்னக் காலமா? புள்ளிக் கணக்கில் அதுதானே பொன்னான வயது!

தோட்ட வேலையே கேவலம் என்று நாம் சொல்லவில்லை. உழைப்பு எதுவும் கேவலமல்ல. 18 முதல் 30 வயதுவரை, மேற்படிப்புப் படித்த மலேசிய இளைஞர்களுக்கு, விடுமுறையோடு வேலையும் செய்ய 462 என்ற எண்ணில் ஒரு விஸா முறையாகவே இருக்கிறது. வருஷத்துக்கு இத்தனை பேர் என்ற வரம்பு அதற்கு உண்டு. பழம் பறிப்பதில் கூடைக்குக் கூலி என்றாலும் மணிக்கு இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று 2022 ஏப்ரல் முதல் அந்த நாட்டில் விதி வந்திருக்கிறது. அன்றியும், விஸா இல்லாதவனாக இருந்தாலும் செய்த வேலைக்குக் கூலி கேட்கும் உரிமை போய்விடாது என்பதையும் அவர்கள் சட்டம் தெளிவாக்கிவிட்டது. ஏமாந்து நிற்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், வாய் திறந்து கேட்கலாம். ஃபேர் வொர்க் என்று அதற்கென ஓர் அலுவலகம் இருக்கிறது.

பண விஷயத்துக்கு வருவோம். கடைக்காரன் அதைப் பேசாமல் இருக்க முடியாது. முதலாளி கூப்பிடும் விஸாவில், முதலாளி சர்க்காருக்குச் செலுத்த வேண்டிய பயிற்சி வரி என்று ஒன்று உண்டு. சிறிய நிறுவனமானால் வருஷத்துக்கு 1,200 டாலர், பெரியதானால் 1,800. இதைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. பெயர் குறிக்கும் கட்டணமும் அப்படியே. இதற்கும் மேலாக, "பணம் கொடு, என் கம்பெனி பெயரில் விஸா தருகிறேன்" என்று பேரம் பேசுவது 2015 டிசம்பர் முதல் அங்கே குற்றம். வாங்குகிறவனுக்கும் தண்டனை, கொடுக்கிறவனுக்கும் ஆபத்து. விஸா மனுக் கட்டணம், வைத்தியப் பரிசோதனை, ஆங்கிலப் பரீட்சை, நம் வெளியுறவு அமைச்சு தரும் நன்னடத்தைச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு நாம் செலவு செய்யலாம். ரசீது இருக்கும். ரசீது இல்லாத செலவைத் தொடாதீர்கள்.

ஏஜெண்டு என்றாலே திருடன் என்றும் எண்ணிவிடக் கூடாது. அந்த நாட்டில் குடியேற்ற ஆலோசனை சொல்கிறவர் சர்க்கார் பதிவேட்டில் பெயர் பதிந்து, ஓர் எண் வைத்திருக்கவேண்டும். பதிவேட்டை யாரும் பார்க்கலாம். நம் நாட்டில் வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1981 ஆம் வருஷத்துத் தனியார் வேலை வாய்ப்பு நிறுவனச் சட்டப்படி தொழிலாளர் இலாகாவின் லைசென்ஸ் எடுக்கவேண்டும். "உங்கள் எண் என்ன?" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. நாம் அரிசி மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்! நம் பிள்ளையின் ஏஜெண்டிடம் நாமே கைப்பேசியில் பேசினோம். எண்ணைக் கேட்டதும், "நீங்கள் யார்? பையனின் அத்தாவா?" என்று கேட்டார். இல்லை, கடைக்காரர் என்றோம். அப்புறம் அந்த இணைப்பு நமக்குக் கிடைக்கவேயில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆஸ்திரேலியா 2015 செப்டம்பர் முதல் பாஸ்போர்ட்டில் விஸா ஒட்டுவதில்லை. எல்லாம் கணினிக்குள்தான். ஆகையால் யாராவது ஒட்டுச் சீட்டைக் காட்டி 'இதுதான் ஒர்க் பெர்மிட்' என்றால் சந்தேகப்படுங்கள். விஸா உண்மைதானா, அதில் வேலை செய்ய அனுமதி உண்டா என்று பார்க்க, விவோ என்ற பெயரில் அந்த சர்க்காரின் இலவச வசதி இருக்கிறது. பாஸ்போர்ட் எண்ணும் விஸா எண்ணும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. நம் தங்கை மகன் கடையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். வேலை அனுமதி இல்லை என்று வந்தது. பையன் அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கும் சட்டம் இதே ஜாதிதான். பட்டதாரிக்கும் நிபுணருக்கும் எம்பிளாய்மெண்ட் பாஸ், நடுத்தரத் தொழில்நுட்பக்காரருக்கு எஸ் பாஸ், மற்றவர்க்கு ஒர்க் பெர்மிட். எம்பிளாய்மெண்ட் பாஸுக்கு 2025 ஜனவரியில் மாதச் சம்பளக் கீழ்வரம்பை 5,600 சிங்கப்பூர் டாலராக உயர்த்தினார்கள். 2023 செப்டம்பர் முதல் அங்கேயும் புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வெளியே போகிறவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நம் வாசலை மறந்துவிடக் கூடாது. சன்வேயில் 1998 முதல் நடக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்ல ஓர் ஆஸ்திரேலியப் பேராசிரியர் வந்தாலும், அவரும் நம் குடிநுழைவு இலாகாவின் வேலைப் பாஸ் எடுத்துத்தான் வகுப்பில் நிற்கவேண்டும். மலேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையில் 2013 ஜனவரி முதல் வர்த்தக உடன்படிக்கை அமலில் இருந்தும், அந்தப் பாஸ் இல்லாமல் முடியாது. அவருக்கு உள்ள விதி, உணவுக்கடையில் ரொட்டி தட்டும் தம்பிக்கும் உண்டு, பாஸின் பெயர்தான் வேறு.

2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இந்தியக் குடிமக்கள் 30 நாள்வரை விஸா இல்லாமலே வந்து போகலாம் என்று நம் சர்க்கார் அறிவித்தது. உறவினர் வந்து போகிறார்கள், சந்தோஷம். ஆனால் விஸா வேண்டாம் என்பதை வேலை செய்யலாம் என்று நம்மில் சிலர் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் ஒரு முறை தவறினோம். ஊரிலிருந்து வந்த மைத்துனர் மகன், சும்மா இருக்கப் பிடிக்காமல், நோன்புப் பெருநாள் கூட்டத்தில் நாலு நாள் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். நமக்கும் அது உதவியாகத்தான் தெரிந்தது. பக்கத்துக் கடைக்காரர் சீனர், பெரியவர். அவர்தான் மெதுவாகக் கூப்பிட்டு, "உன் சொந்தக்காரனாக இருந்தாலும் ஆபீசர் வந்தால் சொந்தம் கேட்கமாட்டார்" என்றார். அன்றே நிறுத்தினோம்.

அவர் சொன்னதற்குச் சட்டம் இருக்கிறது. 1959/63 ஆம் வருஷத்துக் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவுப்படி, செல்லத்தக்க பாஸ் இல்லாதவரை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு, ஆள் ஒன்றுக்கு 10,000 வெள்ளிக்குக் குறையாமல் 50,000 வெள்ளிவரை அபராதம், அல்லது பன்னிரண்டு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருஷம்வரை சிறையும், ஆறு வரை பிரம்படியும் இருக்கின்றன. ஒரு சிறு கடையின் ஒரு வருஷ லாபம் முழுவதும் ஒரு பிற்பகலில் போய்விடும். அதைவிடப் பரிதாபம், பிடிபட்ட தம்பியின் நிலை. முதலாளி அபராதம் கட்டி வீட்டுக்குப் போவார், அவனோ முகாமில் கிடந்து, பிறகு ஊருக்கு அனுப்பப்படுவான். அவனைக் கூப்பிட்டு வந்த கடனை ஊரில் அவன் தாய் அடைப்பாள்.

நம் வாடிக்கைக்காரர் மகன் பதினைந்தாம் தேதி விமானம் ஏறவில்லை. கொடுத்த 3,000 வெள்ளி திரும்பவில்லை. அதற்குப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறான், தொழிலாளர் இலாகாவுக்கும் எழுதியிருக்கிறான். முதல் இரண்டு நாள் நம்மேல் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது என்று நினைக்கிறோம். கடைப் பக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, தொழில் மதிப்பீட்டுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டான். இப்போது ஆறு வருஷத்துச் சம்பளச் சீட்டுகளையும், தொழிற்சாலை மானேஜரிடமிருந்து வேலை விவரக் கடிதத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறான். கிள்ளானில் வாரத்துக்கு இரண்டு மாலை ஆங்கில வகுப்புக்குப் போகிறான். அவனுக்கு வயது 28. கணக்குப் போட்டுப் பார்த்தோம். நேரம் இருக்கிறது.

வெளிநாட்டு வேலைக்குக் கடிதம் வந்திருக்கும் சகோதரர்களோ அவர்கள் பிள்ளைகளோ, கையெழுத்துப் போடுமுன், பணம் கொடுக்குமுன், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப்பின் நம் சங்க அறைக்கு வரலாம். ஆங்கிலம் அறிந்த இளைஞர் இருவர் இருப்பார்கள். கட்டணம் எதுவும் இல்லை. பாஸ்போர்ட்டின் நகல் போதும், அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவும்.